அக்கா குரலில் மச்சான்

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நாங்கள் இருக்கிறோம். உன் இருமல் விட்டதா? சுரங்கத்துக்குள் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் நின்று பம்புக்கு வயர் மாட்டுவதாக எழுதியிருந்தாய். அந்த ரப்பர் கோட்டைப் போட்டுக்கொள்கிறாயா, இல்லை பனியனோடு நின்று வீரம் காட்டுகிறாயா?

இங்கே ஒரு சிக்கல். மச்சானுடைய கம்ப்யூட்டர் செவ்வாய்க்கிழமையிலிருந்து கிளம்பவில்லை. பட்டனை அழுத்தினால் விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை. நீ செய்து வைத்துவிட்டுப் போன பெட்டி, உன்னைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

நீ பார்த்துவிட்டுப் போனதற்கு இப்போது மச்சானுக்கு உடம்பு இன்னும் ஒடுங்கிவிட்டது. கழுத்துக்குக் கீழே இடது கை ஆள்காட்டி விரல் மட்டும்தான் சொன்னபடி கேட்கிறது. அந்த விரலுக்கு அடியில் நீ ஒட்டிய காலிங் பெல் பட்டன் அப்படியே இருக்கிறது. வெளிச்சம் எழுத்து வரிசைகளில் இறங்கிவர, வேண்டிய எழுத்தில் அவர் பட்டனை அழுத்துகிற திரைதான் எதிரே கறுப்பாக நிற்கிறது. இப்போது எங்களுக்குள் பேச்சு என்றால், ஒரு சிமிட்டல் ஆமாம், இரண்டு சிமிட்டல் இல்லை. அவ்வளவுதான்.

டாக்டர் வந்திருந்தார். நுரையீரல் சோர்ந்துகொண்டே போகிறதாம். கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்து, மூச்சு மெஷினோடு இணைத்தால் சில வருடம் ஓடுமாம். இல்லாவிட்டால் மாதக்கணக்குத்தானாம். நான் வைத்துவிடுங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டார். "நீங்க சொல்லக் கூடாதும்மா. அவரு சொல்லணும். வெறும் கண்ணசைப்பு எனக்குப் பத்தாது. எழுத்தெழுத்தா அவரே சொல்லி நான் பார்க்கணும்" என்றார். அடுத்த மாதம் மறுபடி வருவார். அதனால்தான் இந்தப் பெட்டி வேண்டியிருக்கிறது.

ஆபீஸ் போனுக்குக் கூப்பிடு என்று சொல்வாய். வேண்டாம். நம் வீட்டு போன் அவர் தலைமாட்டில் இருக்கிறது. பெட்டியைப் பற்றிப் பேசினால் மனசு கெட்டுப்போவார். நீ எழுது. எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

காலுக்கு ஈரம் படாமல் பார்த்துக்கொள்.

உன் அக்கா


மார்ச் 15

அக்காவுக்கும் மச்சானுக்கும் வயர்மேனின் வணக்கம்.

இருமல் காலி செய்துவிட்டுப் போனது. அந்த இடத்தில் தும்மல் குடிவந்திருக்கிறது. கவலைப்பட ஒன்றும் இல்லை. தபால் லாரி வாரத்துக்கு ஒரு தடவைதான் மேலே ஏறுகிறது, அதனால்தான் தாமதம்.

மச்சான் பேசாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. டிரைவிங் ஸ்கூலில் நாள் முழுக்க "க்ளட்ச்ச விடு, க்ளட்ச்ச விடு" என்று கத்தி, எத்தனை பேரை ரோட்டில் இறக்கிவிட்ட வாய் அது. வாய் நின்றபிறகும் ஒரே விரலால் உன்னையும் என்னையும் ஓட்டிக்கொண்டுதானே இருந்தார். நான் ஊருக்குக் கிளம்பிய அன்றைக்குச் சக்கர நாற்காலியைக் கதவில் இடித்தாய். பெட்டி உடனே உன் குரலிலேயே "பி... ரே... க்" என்றது. நீ முறைத்தாய். அவர் கண் சிரித்தது.

எழுத்து ஒவ்வொன்றையும் உன் குரலில் பதிவு செய்தது சரியா தப்பா என்று நான் அப்போதே யோசித்தேன். அவர் நாக்கு குழற ஆரம்பித்துவிட்டது. எனக்கு மூக்கடைப்பு. வேறு யார் குரல் இருந்தது? பதிவு முடிந்ததும் அவர் முதலில் தட்டியது நினைவிருக்கிறதா? "இனிமே இந்த வீட்ல ரெண்டு பேர் பேச்சும் உங்க அக்கா பேச்சுதான்." அதைத் தட்ட அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரமும் நீ அடுப்பை அணைத்துவிட்டு நின்றாய்.

சரி, வேலைக்கு வருவோம். சுவரில் இருக்கும் பிளக்கில் வேறு எதையாவது மாட்டி மின்சாரம் வருகிறதா என்று பார். வந்தால், பெட்டியின் பின்பக்கம் குத்தியிருக்கும் தடித்த கறுப்பு வயரைப் பிடுங்கி மறுபடி அழுத்திக் குத்து. பாதி பெட்டிகளுக்கு நோயே அதுதான். பின்னால் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், அதை யாராவது துடைக்கும்போது தட்டியிருக்கலாம். பிறகு பட்டனை அழுத்து. உள்ளே ஃபேன் சுற்றுகிறதா, பீப் சத்தம் வருகிறதா என்று கவனி. மூன்று பீப் வந்தால் மெமரி கழன்றிருக்கிறது. ஒரு நீளம் இரண்டு குட்டை என்றால் திரைக்குப் போகும் அட்டை. எத்தனை என்று எண்ணி எழுது.

நம் கடைத்தெரு மெக்கானிக்கையும் கூப்பிட்டுப் பார். அதுவரை நீ எழுத்துகளை வரிசையாக வாயால் சொல். அவர் வேண்டிய இடத்தில் சிமிட்டட்டும். டாக்டருக்கு அதுவும் எழுத்தெழுத்துதானே.

மச்சானுக்கு என் பெயரைச் சொல்லி நெற்றியைத் தடவு.

தம்பி


மார்ச் 27

அன்புள்ள தம்பிக்கு,

உன் தும்மலுக்கு வெந்நீரில் முகத்தைக் காட்டு. சோம்பல்படாதே. மச்சானுக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். க்ளட்ச் என்ற இடத்தில் கண் சிரித்தது.

நீ சொன்னபடி செய்தேன். பிளக் நன்றாக இருக்கிறது. கறுப்பு வயரை அழுத்திக் குத்தினேன். இப்போது விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது. ஆனால் திரை கறுப்புத்தான். பீப் மூன்று தடவை அடிக்கிறது.

மெக்கானிக் கடையைப் பூட்டிவிட்டுச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறாராம். எப்போது வருவார் என்று பக்கத்துக் கடையில் தெரியவில்லை.

வாயால் எழுத்துச் சொல்வது சரிப்படவில்லை. பாதி வரிசை தாண்டுவதற்குள் கண்ணை மூடிக்கொள்கிறார். களைப்பு போல. நான் வற்புறுத்தவில்லை.

வேறு விசேஷம் இல்லை. உடம்பு துடைக்கிறேன், படுக்கையைத் திருப்புகிறேன், அரைத்துக் கொடுக்கிறேன். முழுங்க நேரமாகிறது. ஜன்னல் பக்கம் முகம் இருக்கும்படி கட்டிலைத் திருப்பலாம் என்று நினைத்தேன். பெட்டி அவருக்குப் பின்னால் போய்விடும் என்று விட்டுவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


ஏப்ரல் 8

அக்கா,

நலம். வெந்நீர் வேலை செய்தது. மூன்று பீப் என்றால் கொண்டாடு. ஒரு காசு செலவில்லாத வியாதி.

பெட்டியைக் கவிழ்க்காமல் மேஜைமேல் படுக்க வை. வயரை எல்லாம் எடுத்துவிடு. பின்பக்கம் ஸ்க்ரூவைக் கழற்றினால் பக்கத்துத் தகடு நகரும். உள்ளே தூசியைப் பார்த்துப் பயப்படாதே, எல்லார் வீட்டிலும் அப்படித்தான். முதலில் அதன் இரும்புச் சட்டத்தை ஒரு தடவை தொடு, உடம்பில் இருக்கும் மின்சாரம் போய்விடும். நடுவில் சீப்பு மாதிரி நீளமான பச்சைப் பட்டை ஒன்று செங்குத்தாக நிற்கும். இரண்டு ஓரத்திலும் வெள்ளைக் காது. காதை வெளிப்பக்கம் தள்ளினால் பட்டை எழும்பி வரும். அதன் தங்க நிற ஓரத்தை அழி ரப்பரால் தேய். பிறகு அதே பக்கமாக வைத்து இரண்டு கட்டை விரலாலும் அழுத்து. காது தானாக மூடி டிக் என்று சொல்லும். சொல்லாவிட்டால் உட்காரவில்லை என்று அர்த்தம். உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்து அழுத்தாதே. அது உன்னைவிடக் கெட்டி.

டாக்டர் வருவதற்கு முன்னால் இந்தக் கடிதம் வந்துவிட வேண்டும். லாரிக்காரனிடம் தனியாகச் சொல்லியிருக்கிறேன். மச்சான் என்ன முடிவு எடுத்தாலும் அவர் வாயிலிருந்து, அதாவது உன் வாயிலிருந்து, வரட்டும். நீ தைரியமாக இரு.

இங்கே புதிய பக்கம் தோண்டுகிறோம். மேலே பாறை சரியில்லை. அதனால் அபாயச் சங்கு வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் என் தலையில்தான்.

தம்பி


ஏப்ரல் 22

தம்பி,

சுகமா? பாறை சரியில்லாத இடத்தில் உன்னை ஏன் நிறுத்துகிறார்கள்? சங்கு வைக்கிற ஆளுக்குச் சங்கு யார் ஊதுவது?

பெட்டியைத் திறந்தேன். நீ சொன்னது போலவே தூசி. பச்சைப் பட்டையை எடுத்து ரப்பரால் தேய்த்து வைத்தேன். டிக் என்றது. ஆனால் சரியாகவில்லை. இப்போது ஒரு நீளமும் இரண்டு குட்டையுமாகப் பீப் அடிக்கிறது. அந்தத் திரை அட்டையாக இருக்குமோ?

டாக்டர் வந்தார். பெட்டி ரிப்பேர் என்று சொன்னேன். என் தம்பி கடிதம் மூலமாகச் சரிசெய்து கொடுத்துக்கொண்டிருக்கிறான் என்றதும் சிரித்தார். மச்சான் பக்கம் குனிந்து, "என்ன சார், மெஷின் ரிப்பேரா?" என்று கேட்டார். மச்சான் ஒரு தடவை சிமிட்டினார். "சரி, ரிப்பேர் ஆகட்டும். ஆனா ரொம்ப நாள் தள்ளாதீங்கம்மா, விரல் நமக்காகக் காத்திருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருமும்போது முகம் நீலமாகிறது. முதுகைத் தட்டிக் கொடுத்தால் அடங்குகிறது. நேற்று அடங்க வெகுநேரமானது.

அட்டையைப் பற்றி எழுது. அவசரமில்லை, உன் வேலையைப் பார்த்துக்கொண்டு எழுது.

அக்கா


மே 3

அக்கா,

இந்தத் தடவை நலம் விசாரிக்காமல் ஆரம்பிக்கிறேன்.

நேற்று சங்குக்கு வயர் மாட்டிக்கொண்டிருந்தேன். துண்டு வயருக்காக டூல் பையைத் துழாவினேன். அடியில் காசு அளவுக்கு ஒரு குட்டி ஸ்பீக்கர் அகப்பட்டது. எங்கிருந்து வந்தது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு புரிந்தது. பெட்டி கிளம்பும்போதெல்லாம் பீப் என்று கத்துகிறது, அவர் திடுக்கிடுகிறார் என்று நீ குறைப்பட்டாய். ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு நான்தான் அதைக் கழற்றிப் பையில் போட்டேன். உன் குரல் வருவது வெளியே வைத்திருக்கும் ஸ்பீக்கரில். பீப் அடிப்பது உள்ளே இருந்த இது. இது இப்போது என் மேஜைமேல் இருக்கிறது.

அந்தப் பெட்டியால் பீப் அடிக்க முடியாது, அக்கா. மூன்றும் முடியாது, ஒரு நீளம் இரண்டு குட்டையும் முடியாது. நான் மறந்துபோய் எழுதினேன். நீ அதையே எனக்குத் திருப்பி அனுப்பிவிட்டாய்.

என் காதில் பூச்சுற்றியதற்கு எனக்குக் கோபம் இல்லை. நீ காரணம் இல்லாமல் எதையும் செய்கிற ஆள் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை மச்சான் கடைசியாக என்ன சொன்னார்?

தம்பி


ஜூன் 6

அக்கா,

எப்படி இருக்கிறாய்? மச்சானுக்கு எப்படி இருக்கிறது? லாரி நான்கு தடவை வந்து போய்விட்டது. எல்லார் பெயரையும் கூப்பிடுகிறார்கள், என் பெயர் மட்டும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் ஆபீஸிலிருந்து போன் செய்தேன். நீதான் எடுத்தாய். "நல்லாருக்கோம்பா, அப்புறம் எழுதுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாய். இடையில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. கரகரவென்று, இழுத்து இழுத்து. அது போன் கோளாறு என்று மேனேஜர் சொன்னார். நான் இருபது வருடமாக வயரில் வேலை பார்க்கிறவன், கோளாறின் சத்தம் எனக்குத் தெரியும்.

நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்றால் கேட்கவில்லை என்று வைத்துக்கொள். பெட்டி கிளம்பவேண்டாம் என்றால் கிளம்பவேண்டாம். நீ மட்டும் எழுது. எனக்குப் பயமாக இருக்கிறது.

தம்பி


ஜூன் 12

என் தம்பிக்கு,

உன்னைப் பயமுறுத்திவிட்டேன். மன்னித்துக்கொள்.

அன்றைக்குக் காலையில் டீயை ஸ்பூனால் ஊட்டி முடித்ததும் பட்டனை அழுத்த ஆரம்பித்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஏதோ நாற்காலி இடிபட்டது, தலையணை மாற்று என்று வரும் என நினைத்து அசட்டையாக இருந்தேன். பெட்டி என் குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னது. கு, ழா, ய். அப்போதுதான் திரும்பினேன். வே, ண், டா, ம். நிறுத்தாமல் மேலே போனார். வண்டி நிக்கிற இடத்துல நிக்கட்டும், என்று.

அவர் குரலாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். இருபத்திரண்டு வருடமாக அவர் குரலோடு சண்டை போட்டு எனக்குப் பழக்கம். இது என் குரல். நான் அடுப்படியில் உட்கார்ந்து, உனக்கு முன்னால், ஒவ்வொரு எழுத்தாக நல்ல பிள்ளை மாதிரி சொல்லிக் கொடுத்த குரல். அவர் சாகட்டும் என்று நானே என் வீட்டில் உட்கார்ந்து சொல்வது போல இருந்தது. என்னால் கேட்க முடியவில்லை. அவர் அடுத்து "நீ" என்று தொடங்கினார். நான் போய்ப் பின்னாலிருந்த கறுப்பு வயரைப் பிடுங்கிவிட்டேன்.

அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். மறைத்துச் செய்யவில்லை. வயரைச் சுருட்டி அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தேன். அதையும் பார்த்தார். பிறகு உனக்கு எழுதினேன். ஏன் எழுதினேன் என்று கேட்காதே. ரிப்பேர் பார்க்கிறோம் என்று யாரிடமாவது சொல்லிக்கொண்டிருந்தால் அது ரிப்பேர் ஆகிவிடும் என்று நினைத்தேன் போல. மெக்கானிக் கடைக்கு நான் போகவே இல்லை. வாயால் எழுத்துச் சொல்லிப் பார்த்தேன் என்றது பொய். ஒரு எழுத்துகூடச் சொல்லவில்லை.

டாக்டர் ரிப்பேரா என்று கேட்டபோது அவர் இரண்டு தடவை சிமிட்டியிருந்தால் நான் அங்கேயே மாட்டிக்கொண்டிருப்பேன். ஒரு தடவைதான் சிமிட்டினார். எனக்காக டாக்டரிடம் பொய் சொன்னார். சிமிட்டிவிட்டு என்னையே பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்க முடியாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நீ போனில் கேட்டது அவர் மூச்சுதான்.

நேற்று வயரை எடுத்து மாட்டினேன். நீ நம்பமாட்டாய். இப்போது நிஜமாகவே கிளம்பவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், தம்பி. ஃபேன் சுற்றுகிறது. திரையில் வெள்ளையாக நான்கு வரி வந்து அப்படியே நிற்கிறது. தேதி என்று எதையோ காட்டுகிறது, அது நமக்குக் கல்யாண வயசே ஆகாத வருஷம். கீபோர்டு இல்லை என்கிறது. அடுத்த வரியில், மேலே போக F1 அழுத்து என்கிறது. இல்லாத கீபோர்டில் எதை அழுத்துவது? அணைத்து அணைத்துப் போட்டேன். அதே நான்கு வரி. அவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார். இந்தத் தடவை நான் செய்யவில்லை என்று அவரிடம் சொன்னேன். நம்பினாரா தெரியவில்லை.

சீக்கிரம் எழுது.

அக்கா


ஜூன் 20

அக்கா,

கடிதத்தை லாரிக்குக் கொடுக்கவில்லை. மண்சரிவைப் பார்க்க நடந்தே கீழே இறங்குகிற சர்வேயர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை, சொன்னாலும் நீ நம்பமாட்டாய். உன் குரலைப் பதிவு செய்தவன் நான். அதை என் பங்குக்கு வைத்துக்கொள்கிறேன்.

இப்போது நீ எழுதிய நான்கு வரியை நம்புகிறேன். இது கேட்டு எழுதக்கூடிய நோய் இல்லை, பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பெட்டிக்குள் பச்சைப் பலகையில் வட்டமாக, பளபளப்பாக ஒரு பேட்டரி படுத்திருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்தில் தேதியையும், நான் சொல்லி வைத்த விஷயங்களையும் ஞாபகம் வைத்திருப்பது அதுதான். கீபோர்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நீ பாட்டுக்குக் கிளம்பு என்று அதனிடம் சொல்லி வைத்திருந்தேன். இத்தனை மாதம் வயர் இல்லாமல் கிடந்ததில் பேட்டரி தீர்ந்து, எல்லாவற்றையும் மறந்துவிட்டது. அதனால் கீபோர்டைக் கேட்கிறது.

பரண்மேல் பழைய கீபோர்டை ஏற்றி வைத்தேன், துணிமூட்டைக்குப் பின்னால் பார். அதைப் பின்பக்கம் குத்தி F1 என்று எழுதிய பட்டனை அழுத்து. கிளம்பிவிடும். பேட்டரியைக் கைக்கடிகாரக் கடையில் கொண்டுபோய்க் காட்டினால் அதே மாதிரி கொடுப்பார்கள். எழுத்துப் பொறித்த பக்கம் மேலே இருக்க வேண்டும். அது போடும்வரை ஒவ்வொரு தடவையும் F1 அழுத்த வேண்டும், அவ்வளவுதான்.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். மழையில் பாதையில் மண் சரிந்து கிடக்கிறது. வண்டி போகிற அளவுக்கு அள்ளியதும் முதல் வண்டியில் நான் இருப்பேன். ஆனால் எனக்காகக் காத்திருக்காதே. பெட்டிக்காகவும் காத்திருக்காதே. அவர் சொல்ல வந்ததைச் சொல்ல விடு. அதைக் கேட்க உனக்குப் பிடிக்க வேண்டியதில்லை, கேட்டால் போதும்.

தம்பி


ஜூலை 2

தம்பிக்கு,

சர்வேயர் வீட்டுக்கே வந்து கொடுத்தார். நீ மெலிந்திருப்பதாகச் சொன்னார்.

கீபோர்டு நீ சொன்ன இடத்தில் இருந்தது. பெட்டியை இந்த முறை உண்மையாகவே திறந்தேன். ஸ்க்ரூ ஒன்று உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது, தேடிக்கொண்டு தரையில் கிடந்தேன். மேலே பார்த்தால் அவர் கண் என்னைத் தொடர்ந்து வருகிறது. அந்தப் பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்து, கடையில் வேறு வாங்கி வந்து போட்டேன். F1 அழுத்தினேன். கிளம்பிவிட்டது. எழுத்துகள் வந்தன. வரிசை வரிசையாக வெளிச்சம் இறங்கியது, பழையபடி.

பட்டனை அவர் விரலுக்கு அடியில் வைத்தேன். வெளிச்சம் கடைசி வரிசைக்குப் போய், மேலே வந்து, மறுபடி இறங்கியது. விரல் அசையவில்லை. பட்டனை நகர்த்தி வைத்தேன், கைக்கு அடியில் துணி மடித்து வைத்தேன். அவர் முயற்சி செய்வது நெற்றியில் தெரிந்தது. விரலுக்கு அது போய்ச் சேரவில்லை. மார்ச் மாதம் அந்த விரல் நன்றாக இருந்தது, தம்பி. என் விரலை அவர் விரல்மேல் வைத்து அழுத்தலாம். ஆனால் அப்படி அழுத்தினால் அது யார் சொன்னது?

நான் அழுதேன். நிறைய அழுதேன். அவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உன்னிடம் இனி எதையும் மறைப்பதாக இல்லை.

மறுநாள் டாக்டர் வந்தார். என்ன நடந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சரி, இப்ப நீங்களே கேளுங்க. நான் பார்க்கிறேன்" என்றார்.

குழாய் வைக்கட்டுமா என்று மச்சானிடம் கேட்டுவிட்டு, நான் வரிசையைச் சொன்னேன். க, ச, ட, த என்று இறங்கி, வ வந்ததும் சிமிட்டினார். வ, வா, வி, வீ என்று போனேன். வே என்றதும் சிமிட்டினார். அடுத்து ண் வந்தது, அதற்கடுத்து டா. டாக்டர் என் தோளைத் தொட்டு, "போதும்மா, புரிஞ்சிடுச்சு" என்றார். மச்சான் கண்ணை அகலமாக வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார், அடுத்த வரிசையைச் சொல்லு என்பது போல. அதனால் ம் வரைக்கும் போனேன். கடைசி எழுத்துவரை என்னைச் சொல்ல வைத்தார். முழுச் சொல்லையும் ஒரு தடவை சேர்த்துச் சொன்னேன். ஒரு தடவை சிமிட்டினார். டாக்டர் எழுதிக்கொண்டார்.

டாக்டர் போனபிறகு மச்சானிடம் கேட்டேன். "அன்னைக்கு நீன்னு ஆரம்பிச்சீங்களே, என்ன சொல்ல வந்தீங்க?" என்று. மறுபடி வரிசை சொன்னேன். ஐந்தாறு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார். கடைசியில் வந்தது, "மறந்துபோச்சு" என்று.

மறந்திருக்கமாட்டார். அவரிடம் டிரைவிங் படித்தவர்கள் பெயர் ஒன்றுகூட அவருக்கு மறந்ததில்லை.

பெட்டியை அணைக்கப் போனேன். வேண்டாம் என்று இரண்டு தடவை சிமிட்டினார். அந்த வெளிச்சம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்க்கட்டும் என்று விட்டிருக்கிறேன். முடிந்தால் சீக்கிரம் வா.

அக்கா


ஜூலை 19

என் அன்புத் தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். மண் இன்னும் அள்ளி முடியவில்லை என்று பேப்பரில் படித்தேன். அவசரப்பட்டு அந்தப் பாதையில் நடந்து இறங்குகிறேன் என்று கிளம்பாதே. பாதை திறந்தபிறகு நிதானமாக வா. இனி நாள் முன்னே பின்னே ஆனாலும் ஒன்றுமில்லை. உன் ஆபீஸுக்கு மூன்று தடவை போன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. பிறகு பக்கத்து வீட்டுக்காரர்களே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்கள்.

இருமல் இல்லை, முகம் நீலமாகவில்லை. காலையில் நான் ஜன்னலைத் திறந்துவிட்டுத் திரும்பும்போது மூச்சு நின்றிருந்தது. ஊட்டுவதற்குக் கலக்கிய டீ கையில் இருந்தது. குழாயைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அவர் சொன்னது சொன்னபடி நடந்தது. அதை நான் கெடுக்கவில்லை என்பது மட்டும்தான் எனக்கு இருக்கிறது.

கட்டிலை எடுத்துவிட்டார்கள். அந்த அறை பெரியதாக இருக்கிறது.

பெட்டி இன்னும் ஓடுகிறது. வெளிச்சம் இறங்கி இறங்கி ஏறுகிறது. பட்டன் தரையில் கிடக்கிறது, நேற்று கூட்டும்போது தெரியாமல் அதை மிதித்துவிட்டேன், என் குரல் ஏதோ ஒரு எழுத்தைச் சொன்னது. அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. இதைக் கிளப்புவதற்கு இத்தனை கடிதம் எழுதினாய், முறைப்படி எப்படி நிறுத்துவது என்று எழுதவே இல்லை. அதை எழுது. வயரைப் பிடுங்க எனக்குக் கை வரவில்லை.

அக்கா